'மூர்' என்னும் சொல்: வேரும் உரித்தும்

முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலத்தில் சேர்விடாப்பை எழுதும் வேலை, எங்கள் பக்கத்துக் கிராமப் பாடசாலைகளில் பெரும்பாலும் தமிழாசிரியரின் தலையில்தான் விழும். பெயர், பிறந்த திகதி, தகப்பனின் பெயர், தொழில் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால் 'இனம்' என்றொரு நிரல் வரும். பிறப்புச் சான்றிதழைப் பார்த்து அதில் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதுவோம். ஆங்கிலப் படிவமாயின் அதே இடத்தில் 'மூர்' என்று எழுதுவோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த உம்மாவிடம் "நீங்கள் யார்?" என்று கேட்டால் இவ்விரண்டு சொற்களில் எதையும் அவர் சொல்லமாட்டார். முஸ்லிம் என்பார், கிண்ணியா என்பார், மூதூர் என்பார், இன்னாரின் மகள் என்பார். ஆயினும் அரசாங்கத்தின் ஏட்டில் அவர் 'மூர்' ஆகவே இருக்கிறார். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் இந்த ஒரு சொல்லின் கீழ் எண்ணப்பட்டிருக்கின்றனர்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடுவது ஒரு பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆனால் எமது சமூகத்தின் கதையில் அது பொழுதுபோக்காக ஒருபோதும் இருந்ததில்லை. 'நீ யார்?' என்ற கேள்விக்குள் 'உனக்கு இங்கே என்ன உரித்து?' என்ற கேள்வி ஒளிந்திருந்த காலங்களில்தான் இந்தச் சொல்லின் வேர் தோண்டப்பட்டது. ஆகவே இரண்டு காரியங்களைச் செய்ய விரும்புகிறேன். முதலில், சொல்லின் வழியைப் பின்னோக்கி நடந்து பார்ப்பது. பிறகு, அப்படி நடந்து கண்ட வேருக்கும் ஒரு மனிதனின் உரித்துக்கும் உண்மையில் ஏதேனும் தொடர்பு உண்டா என்று கேட்பது.

துறைமுகத்தை அண்டி வாழும் எமக்கு ஆங்கிலத்தின் இன்னொரு 'மூர்' பழக்கமானது. கப்பலைக் கயிற்றாலும் நங்கூரத்தாலும் ஓரிடத்தில் கட்டி நிறுத்துவதையும் ஆங்கிலத்தில் 'மூர்' என்றே சொல்வர். இங்கிலாந்தின் வடபுறத்தில் பற்றை படர்ந்து ஈரம் ஊறிக் கிடக்கும் வெளிநிலத்துக்கும் 'மூர்' என்றே பெயர். மூன்றும் எழுத்தில் ஒன்று, ஓசையில் ஒன்று. ஆனால் கப்பல் கட்டும் 'மூர்' ஒல்லாந்த மொழிக்கு உறவான வடஐரோப்பியச் சொல். நிலத்தைக் குறிக்கும் 'மூர்' பழைய ஆங்கிலச் சொல். எம்மைக் குறிக்கும் 'மூர்' மத்தியதரைக் கடலின் கரையிலிருந்து வந்த சொல். கப்பலில் வந்தவர்கள் என்பதால் எமக்கு இப்பெயர் வந்தது என்று யாராவது விளக்கம் சொன்னால் அது காதுக்கு இனிக்கும். ஆனால் உண்மையல்ல. சொல்லாராய்ச்சியின் முதற்பாடம் இதுதான்: ஓசை ஒற்றுமையை நம்பாதே.

இந்தப் பாடத்துக்கு எமது வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. கேரளத்தில் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849 ஆம் ஆண்டளவில் வழங்கிய செப்பேட்டில் 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகர் குழு வருகிறது. தமிழ்க் காதுக்கு அது ஐந்து வண்ணம், ஐந்து சாதி என்று கேட்கும். அவ்வாறே விளக்கம் எழுதியவர்களும் உண்டு. அது பாரசீக மொழியில் சபை, கூட்டம் எனப் பொருள்படும் 'அஞ்சுமன்' என்ற சொல்லின் தமிழுருவம் என்பதே இன்று ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. எமது ஊர்களில் இன்றைக்கும் சங்கங்களுக்கு 'அஞ்சுமன்' என்று பெயர் வைப்பவர்கள், ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கமொன்றைத் தொடர்கிறார்கள் என்பதை அறியாமலே தொடர்கிறார்கள்.

இனி எமது சொல்லுக்கு வருவோம். ஆங்கிலம் 'மூர்' என்பதைப் பழைய பிரெஞ்சிலிருந்து எடுத்தது. பிரெஞ்சு இலத்தீனிலிருந்து எடுத்தது. இலத்தீனில் 'மௌருஸ்', கிரேக்கத்தில் 'மௌரோஸ்'. ஆபிரிக்காவின் வடமேற்கு மூலையில், இன்றைய மொரோக்கோவின் வடபகுதியும் அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியும் இருக்கும் நிலத்தில், மௌரெத்தானியா என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டவரே மௌரிகள். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் எழுதிய ஸ்திராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர், உரோமரும் அந்நாட்டவரும் இப்பெயரையே வழங்கினர் என்று குறித்திருக்கிறார்.

அதற்கும் அப்பால் செல்ல முயன்றவர்கள் இரண்டாகப் பிரிகின்றனர். ஒரு சாரார் கிரேக்கத்தில் மங்கல், கருமை எனப் பொருள்படும் சொல்லோடு இதனை இணைப்பர். மற்றச் சாரார், பினீசிய வணிகரின் மொழியில் 'மேற்குத் திசையார்' எனப் பொருள்படும் சொல்லே இதன் மூலம் என்பர். பின்னையது சரியாயின், அதே நிலத்தை அரபியர் பிற்காலத்தில் 'மஃரிப்' என்று அழைத்ததற்கும் இதற்கும் கருத்தளவில் ஒற்றுமை இருக்கிறது. மஃரிப் என்றால் சூரியன் மறையும் இடம். நாம் தொழும் மஃரிபும் அதுதான். கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்து விடிகின்ற கிழக்கு மாகாணத்தில் வாழும் நாம், 'மேற்குத் திசையார்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறோம்!

இவ்விடத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மொரோக்கோ என்ற நாட்டுப் பெயர் 'மூர்' என்பதிலிருந்து வந்ததென்று பலர் நினைக்கின்றனர். அது மராக்கேஷ் என்ற நகரின் பெயரிலிருந்து வந்தது. மாறாக, யாரும் எதிர்பாராத உறவு இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. 1598 இல் ஒல்லாந்தர் தம் இளவரசர் மௌரிட்ஸின் பெயரை ஒரு தீவுக்குச் சூட்டினர், அதுவே மொரீசியஸ். மௌரிட்ஸ் என்பது 'மௌருஸ்' என்பதிலிருந்து பிறந்த பெயர். ஆக, ஒல்லாந்த இளவரசருக்கும், மொரீசியஸ் தீவுக்கும், சேர்விடாப்பில் பெயர் பதியப்படும் எங்கள் பிள்ளைக்கும் ஒரே வேர்ச்சொல். இதனை வைத்து யாரும் உறவு கொண்டாடப் போவதில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மௌரிகள் என்ற பெயர் வழங்கத் தொடங்கியபோது இஸ்லாம் தோன்ற இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன. அவர்கள் அரபியருமல்லர்; பெர்பர் இனத்தவர். 711 இல் தாரிக் இப்னு ஸியாத் ஸ்பெயினுக்குக் கடந்த படையில் பெர்பர்களே பெருந்தொகையினர். அப்போதிருந்து 1492 இல் கிரனாடா வீழும்வரை ஏறத்தாழ எண்ணூறு வருடங்கள், ஐபீரிய நாட்டுக் கிறிஸ்தவர்களின் வாயில் இச்சொல் மெல்ல மெல்ல இடம் மாறியது. ஒரு நாட்டவரின் பெயராக இருந்தது, எதிரே நின்ற சமயத்தவரின் பெயராகியது. பெர்பரும் மூர், அரபியும் மூர், மதம் மாறிய ஸ்பானியனும் மூர்.

இந்தச் சொல்லைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் போர்த்துக்கேயர் கப்பலேறினர். 1498 இல் வஸ்கோ டகாமா கள்ளிக்கோட்டையில் கரைக்கு அனுப்பிய ஆளை எதிர்கொண்டவர்கள், காஸ்டிலிய மொழி பேசத் தெரிந்த இரண்டு தூனிஸ்காரர். அவர்களை மூர் என்றது ஓரளவு பொருத்தம். ஆனால் அதே பெயரை மலபார்க் கரையின் மாப்பிளைமாருக்கும், 1505 அளவில் கொழும்பில் கறுவா ஏற்றிக்கொண்டிருந்த வணிகருக்கும் அவர்கள் வைத்தனர். அரபுக் கரையிலிருந்து வந்தவரை 'மக்கத்து மூர்' என்றும், இந்நாட்டில் பிறந்தவரை 'மண்ணின் மூர்' என்றும் பிரித்தும் சொன்னார்கள். அவர்களது அயலவரான ஸ்பானியர் மறுபுறமாகப் பசிபிக் கடலைக் கடந்து பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தபோது, அங்கே கண்ட முஸ்லிம்களுக்கும் 'மோரோ' என்றே பெயரிட்டனர். பூமியை இரு பக்கமாகச் சுற்றி வந்த இரண்டு கப்பற் கூட்டம், ஒரே சொல்லைக் கொண்டு வந்து எமது கடல்களில் இறக்கியது.

கொட்டியாரக் குடாவில் 1660 இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலும் எம்மவரை இப்பெயராலேயே குறிக்கிறார். திருகோணமலைக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தருக்கும், இடையில் பிரெஞ்சுக்காரருக்கும், ஈற்றில் 1795 இல் ஆங்கிலேயருக்கும் கைமாறியது. கொடி மாறியதே தவிர இந்தச் சொல் மாறவில்லை.

எமது தமிழ்ச் சொல்லாவது எமக்கே உரியதா? 'சோனகர்' என்பதன் வழி இன்னும் நீளமானது. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் கிரேக்கர் குடியிருந்த அயோனியாவில் அது தொடங்குகிறது. பாரசீகர் அவர்களை 'யௌன' என்றனர். வடமொழி 'யவன' என்றது. பாளியும் பிராகிருதமும் 'யோன', 'யோனக' என்றன. அரபு இன்றும் கிரேக்கத்தை 'யூனான்' என்கிறது. அசோகனின் கல்வெட்டுகளில் யோனர் வருகின்றனர். சங்க இலக்கியத்தில் மிளகுக்குப் பொன் கொண்டுவந்த யவனர் வருகின்றனர். அந்த 'யோனக' என்பதே தமிழில் 'சோனக' ஆயிற்று என்பர் அறிஞர் பலர். சிங்களத்தில் இன்றும் 'யோன்' என்றே வழங்குகிறது. 11 ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டொன்றில் 'சோனகன் சாவூர்' என ஒருவர் குறிப்பிடப்படும்போது சொல் கிரேக்கரை விட்டு நெடுந்தூரம் வந்துவிட்டது.

இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று பெர்பரிடம் பிறந்தது; மற்றது கிரேக்கரிடம் பிறந்தது. அரபியர் எவரும் இவற்றின் பிறப்பில் இல்லை, தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. இரண்டும் மேற்கிலிருந்து கடல்வழி வந்தவன் என்று பிறர் சுட்டிய விரலின் பெயர்கள். விரல் நீட்டியவன் நின்ற இடத்தை இச்சொற்கள் காட்டுகின்றன. சுட்டப்பட்டவனின் இரத்தத்தைக் காட்டவில்லை.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பெயர்களை இடுகுறி, காரணம் என நன்னூலார் பிரிக்கிறார். வகுப்பில் நாற்காலியை உதாரணம் காட்டுவோம். நான்கு கால் உடையதால் நாற்காலி. ஆனால் மாட்டுக்கும் நான்கு கால்தான். அதனை நாற்காலி என்பதில்லை. ஒரு காலை உடைத்துவிட்டு மூன்று காலோடு மூலையில் சாய்த்து வைத்தாலும் பிள்ளைகள் அதனை நாற்காலி என்றே சொல்வார்கள். காரணம் பெயரைப் பிறப்பித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பெயர் வழக்கினால் வாழ்கிறது. தொல்காப்பியரும் சொற்பொருளின் காரணம் பார்த்த மாத்திரத்தில் புலப்படாது என்ற கருத்தை உரியியலில் சொல்லிவைத்திருக்கிறார். 'மூர்' காரணம் செத்துப்போன ஒரு காரணப்பெயர். இன்று அது வெறும் இடுகுறி.

இவ்வளவு தெளிவான காரியம் ஏன் ஒரு சமூகத்தின் தலைவிதியோடு முடிச்சுப் போடப்பட்டது?

1880களில் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. சபையில் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் 1885 இல் சபையிலும், 1888 இல் ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். மொழி, பழக்கவழக்கம், உடற்தோற்றம், வரலாறு எல்லாவற்றையும் சான்றுக்கு அழைத்தார். 'முஸ்லிம் நேசன்' நடத்திய சித்திலெப்பை உட்பட எம்மவர் கொதித்தெழுந்தனர். 1889 இல் எம்.ஸி. அப்துல் ரஹ்மான் சபைக்கு நியமிக்கப்பட்டார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், இராமநாதனின் கட்டுரைக்கு விரிவான மறுப்பொன்றை எழுதி, எமது முன்னோர் அரபியர் என நிறுவ முயன்றார்.

அப்துல் அஸீஸ் எமது நன்றிக்குரியவர். அவர் எழுதாவிட்டால் எம்மைப் பற்றிய முடிவைப் பிறர் எழுதியிருப்பர். எனினும் நூறு வருடத்துக்கு மேல் கழிந்தபின் அந்த வாதத்தைத் திரும்பப் படிக்கையில், எதிரெதிரே நின்ற இருவரும் ஒரே தரையில் நின்றது தெரிகிறது. ஒருவர், நீங்கள் தமிழிலிருந்து வந்தவர்கள், ஆகவே உங்களுக்குத் தனி ஆசனம் தேவையில்லை என்றார். மற்றவர், நாங்கள் அரபிலிருந்து வந்தவர்கள், ஆகவே தேவை என்றார். எங்கிருந்து வந்தாய் என்பதே என்ன உரித்து என்பதைத் தீர்மானிக்கும் என்ற கருத்தை இருவரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார்கள். எந்த மூதாதையர் வழியில் வந்தாலும், இங்கே வாழ்ந்து வரி கட்டி இங்கேயே அடங்குகிற ஒரு சனக்கூட்டத்துக்குத் தன் குரலைச் சபையில் ஒலிக்கச் செய்யும் உரித்து உண்டா இல்லையா என்ற நேரான கேள்வி ஓரத்தில் நின்றுவிட்டது.

அந்தத் தரையில் நின்று பெற்ற வெற்றிக்குப் பின்னால் விலை கொடுக்க நேர்ந்தது. அரபு மூலம் என்ற அதே வாதத்தை எம்மை விரும்பாதவர்கள் எடுத்துத் திருப்பிப் பிடித்தார்கள். அரபியிலிருந்து வந்தவர்களாயின் அங்கேயே போங்கள் என்பதை இந்த நாட்டில் கேளாத முஸ்லிம் குறைவு. 1911 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று தனித்தனி நிரல்கள் இருந்தன. 1915 இல் கல்லெறிந்தவர்கள் அந்த நிரலைப் பார்த்து எறியவில்லை. 2020 மார்ச் முதல் மறுவருடம் பெப்ரவரிவரை கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, அந்தக் குடும்பங்கள் கேட்டது பூர்வீகத்துக்கு அத்தாட்சியல்ல. ஆறடி மண். 2024 இல் அரசாங்கம் அதற்கு மன்னிப்புக் கோரியது. எந்த வேர்ச்சொல்லும் அந்த ஆறடியை வாங்கித் தந்திருக்காது.

சொல்லின் அறம் அதன் வேரில் இல்லை, வழங்குபவனின் நாவில் இருக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று தருகிறேன். 'தம்பி' என்பதைவிட அன்பான சொல் தமிழில் எத்தனை உண்டு? அந்தச் சொல்தான் சிங்களத் தெருவில் 'தம்பியா' ஆகி எம்மை இழிக்கும் சொல்லாயிற்று. 'சோனகர்' என்பதைக் குறுக்கிச் 'சோனி' என்று தமிழிலும் இழித்துச் சொன்னார்கள். வேர் தூய்மையானது, வார்த்தை நஞ்சு. மறுபுறம், பகைவர் வைத்த 'மோரோ' என்ற பெயரைப் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்கள் தமக்கே மகுடமாக்கிக்கொண்டனர். 2019 இல் நிறுவப்பட்ட அவர்களது சுயாட்சிப் பிரதேசத்தின் பெயர் 'பங்சாமோரோ'. அதில் 'பங்சா' என்பது எமக்குத் தெரிந்த 'வம்சம்'தான். உரோமரின் சொல்லும் வடமொழிச் சொல்லும் மலாயக் கடலில் சேர்ந்து ஒரு சனத்தின் பெயராகிவிட்டன. வேர் அந்நியம், வார்த்தை சொந்தம்.

இதனை நான் வெளியாரை நோக்கி மட்டும் சொல்லவில்லை. எமது மாவட்டத்தில் இடப்பெயரின் வேர் என்பது பல வருடங்களாகக் காணி வழக்கின் ஒரு பகுதியாகிவிட்டது. ஒரு சாராருக்கு இந்நகர் பாளி நூல்கள் சொல்லும் 'கோகண்ண', ஆகவே தமது. மறுசாராருக்குத் 'திருக்கோணமலை', ஆகவே தமது. குளத்தின் பெயரை, மலையின் பெயரை, சேனையின் பெயரை அறுத்துப் பார்த்து, உள்ளே எந்த மொழி இருக்கிறதோ அந்த மொழிக்காரனுக்கே நிலம் என்கின்றனர். எம்மவரும் சும்மா இருக்கவில்லை. நல்ல தமிழ்ப் பெயருடைய ஊர்களுக்கு அரபு வேர் தேடிக் களைத்துப்போனவர்களை நானறிவேன். 'மூதூர்' என்பது பழைய ஊர் என்று பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும் தமிழ். அது தமிழாக இருப்பதால் அங்கே வாழும் முஸ்லிமின் பங்கு ஒரு பேர்ச்சஸ்கூடக் குறைவதில்லை. அரபாக இருந்தால் ஒரு பேர்ச்சஸ்கூடக் கூடப்போவதுமில்லை. பெயரின் வேர் காணி உறுதியல்ல.

அப்படியாயின் வேர் தேடுவதே வீணா? வீணல்ல. எதற்காகத் தேடுகிறோம் என்பதில் இருக்கிறது. துறைமுகத்தில் அடிக்கடி அடிபடும் இன்னொரு ஆங்கிலச் சொல் 'டரிஃப்', சுங்கத் தீர்வை. அது இத்தாலிய மொழி வழியாக அரபு 'தஃரீஃப்' என்பதிலிருந்து வந்தது. அறிவித்தல் என்பது பொருள். அதன் மூலம் ஐன், றா, ஃபா என்ற மூன்றெழுத்து, அறிதல். எமது ஞானியர் பாடிய 'மஃரிபத்' அதிலிருந்துதான். மனிதரைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியதன் நோக்கத்தைச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 13 ஆம் வசனத்திலும் அதே மூன்றெழுத்துத்தான்: ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்பதே அங்கு சொல்லப்படும் நோக்கம். உயர்வுக்கு அளவுகோலாக வம்சத்தை அவ்வசனம் வைக்கவில்லை, இறையச்சத்தை வைத்தது.

ஒரே வேரிலிருந்து ஒருவரையொருவர் அறிதலும் கிளைத்தது, சுங்கம் அறவிடுதலும் கிளைத்தது. இதை நான் சான்றாகச் சொல்லவில்லை. வேர் சான்றாகாது என்றுதானே இவ்வளவும் எழுதினேன். உவமையாகச் சொல்கிறேன். ஒரு பெயரைக் கொண்டு மனிதனை அறியலாம். அதே பெயரைக் கொண்டு அவனிடம் அறவிடலாம். ஒல்லாந்தர் 'மூர்' என்ற பெயரை இரண்டாவதற்கே பயன்படுத்தினர். சோனகரும் செட்டிகளும் அந்நியர் என்று சொல்லி அவர்கள்மீது 'ஊழியம்' என்ற கட்டாய வேலையைச் சுமத்தினர். அந்நியன் என்று முத்திரை குத்துவதற்குப் பிடித்த சொல் அரபிலிருந்து வரவில்லை, சுத்தத் தமிழ்ச் சொல் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

ஆகவே மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்வோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இன்று அது என்ன பொருள் தருகிறது? அதனால் அழைக்கப்படுபவருக்கு என்ன உரித்து? முதலாவதற்கு அகராதி பதில் சொல்லும். இரண்டாவதற்கு வழக்கு பதில் சொல்லும். மூன்றாவதற்கு நீதி ஒன்றே பதில் சொல்ல முடியும். அகராதியை நீதியின் ஆசனத்தில் உட்காரவைக்கும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது. எமக்குச் சாதகமான தீர்ப்பை அகராதி சொன்னாலும் அது அநியாயமே. ஏனெனில் நாளைக்கு அதே ஆசனத்திலிருந்து இன்னொருவரின் காணியைப் பறிக்கும் தீர்ப்பு வரும்.

எமது வேர் எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெரு என்றொரு தெரு இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலம் அவகாசம் கொடுத்து அங்கிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த அவர்களது பிள்ளைகளிடம் 'சோனகர்' என்றால் என்ன என்று கேட்டிருந்தால், அயோனியாவைப் பற்றியோ அரபு நாட்டைப் பற்றியோ சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தளாய்க்கு ஓடியபோதும், எப்போது திரும்பலாம் என்று அவர்கள் கேட்டது மூதூருக்குத்தான். மக்காவின் திசை தொழுகைக்கு. வீட்டின் திசை அதுவல்ல.

துரத்தப்பட்ட மனிதன் எந்த ஊருக்குத் திரும்ப ஏங்குகிறானோ, அந்த ஊரே அவனுடைய வேர். இந்த அளவுகோலை எமக்கு மட்டும் வைத்துக்கொண்டு அயலவனுக்கு வேறொன்றை வைப்போமாயின், நாமும் விரல் நீட்டுபவர்களின் வரிசையில்தான் நிற்கிறோம். சம்பூரிலிருந்து விரட்டப்பட்ட தமிழனுக்கும், எல்லைக் கிராமத்தை இரவோடிரவாக விட்டோடிய சிங்களவனுக்கும் இதே அளவுகோல்தான். அவர்களுடைய ஊர்ப்பெயரை அறுத்துப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, அவர்கள் அங்கே எத்தனை பேரை அடக்கம் செய்தார்கள், எத்தனை கிணறு தோண்டினார்கள் என்று கேட்கும் பழக்கம் எமக்கு வரவேண்டும்.